தவக்காலத்தில் விட்ட குளிசை

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று எங்கள் பக்கத்தில் ஆண்டவருக்கென்று ஆளுக்கொன்றை விடுவார்கள். இறைச்சி, சாராயம், பீடி. வெற்றிலையை விட்டுவிட்டுத் தவக்காலம் முழுக்க வீட்டாரைக் கடித்துக் குதறுகிறவர்களும் உண்டு. அந்த வருடம் என் தம்பி எதை விட்டான் என்று சொல்லவில்லை. அதை யாரும் கேட்பதும் இல்லை.

சண்டை முடிந்து ஊர் திரும்பி, மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அவனுக்குப் பதகளிப்பு வந்தது. கரை மறைந்ததும் நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், சாகப்போகிறேன் என்பான். இருதயத்தில் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக்குக்கு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். இரண்டு விதமான குளிசை இருக்கிறது என்றார் டொக்டர். ஒன்று உடனே அடக்கும். ஆனால் உடம்பு அதற்குப் பழகிவிடும், தூக்கமும் வரும், போட்டுவிட்டு வள்ளத்தில் ஏற முடியாது. மற்றது தினமும் போடுவது, குணம் தெரியக் கிழமைக்கணக்காகும். தம்பிக்கு இரண்டாவதைத்தான் கொடுத்தார்.

"சுகமெண்டு நீங்களா நிப்பாட்டிப்போடாதேங்கோ. என்னட்டக் கேட்டு மெள்ள மெள்ளத்தான் குறைக்க வேணும்."

"ஓம் டொக்டர்," என்றான் தம்பி. அவன் எல்லாவற்றுக்கும் ஓம்தான்.

குளிசை வேலை செய்தது. வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அவனை மறுபடி வள்ளத்தில் ஏற்றினார். அவன் பெண்சாதி, என் மச்சாளின் முகத்தில் சிரிப்பைக் கண்டேன்.

தவக்காலம் பாதி போவதற்குள் அவனுக்குத் தலைசுற்று, எரிச்சல், பிறகு பழைய படபடப்பு. ஒருநாள் நடுக்கடலில் வள்ளத்தைத் திருப்பச் சொல்லி அழுதானாம். போட்ட வலையை விட்டுவிட்டு எல்லோரும் திரும்பினார்கள். "கொஞ்ச நாள் கரையில நில்லு," என்றார் சம்மாட்டி. அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தான்.

மறுபடி அதே குளிசையைத் தொடங்கித் தம்பி தெளிந்தான். ஆனால் வள்ளத்தில் அவனை யாரும் ஏற்றவில்லை. இன்றும் கரையில் ஐஸ் பெட்டி சுமக்கிறான். கோயில் சுவாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே தடுத்திருப்பார்.

சம்மாட்டி அவனைக் கரையில் நிறுத்திய கிழமை, தொடாத குளிசைகளை மச்சாள் அலுமாரியில் கண்டெடுத்த அன்று நான் கத்தினேன்.

"உனக்கென்ன விசரே? மருந்தை ஆரும் விடுவினமோ?"

தம்பி தலை நிமிராமல் சொன்னான்: "இறைச்சி கண்டு கனகாலம். சாராயத்தை இந்தக் குளிசைக்காக முதலே விட்டிட்டன். எனக்குச் சுகம் தந்தது இது ஒண்டுதான். ஆண்டவருக்குக் குடுக்க வேற என்னக்கா இருந்தது?"

அதற்குப் பிறகு நான் அவனை ஏசவில்லை.