கூப்பிடாமல் விட்ட அரை மணி நேரம்

செய்தி வந்தபோது நாங்கள் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், மூன்றாவது வீட்டு வாசலில், ஒரு கரோல் பாட்டின் நடுவில் இருந்தோம். டோலக் அடித்துக்கொண்டிருந்த அந்தோனி கையை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தான். மற்றவர்கள் இன்னும் ஒரு வரி பாடினார்கள்.

“லூர்து அக்கா போய்ட்டாங்களாம். கோயிலுக்குள்ளயே.”

லூர்து அக்காவை அறியாதவர்களுக்கு: பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சின்ன வயதிலிருந்து கொழுந்து பறித்தவர். எங்கள் வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே இருக்கும் மாதா கோயிலின் சாவி அவரிடம்தான் இருந்தது. பிள்ளைகள் இல்லை. கணவர் சூசை அண்ணன்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் நான்கு வாரமும், கொழுந்து நிறுவை முடிந்து வந்து, குளித்து, ஐந்தரைக்குக் கோயில் தரையில் உட்காருவார். அரை மணி நேரம். பாட்டு இல்லை. உதடு அசைவதும் இல்லை. “அந்த நேரம் என்னையக் கூப்பிடாதீங்க. லயம் பத்திக்கிட்டாலும் கூப்பிடாதீங்க.”

வெளியே டிசம்பர் வேறு மாதிரி இருக்கும். சுவருக்குச் சுண்ணாம்பு. அடுப்பில் பலகாரம். பதுளையிலிருந்து புது உடுப்புப் பைகள்.

நான் பல்கலைக்கழகம் முடித்து வந்த வருடம் கரோல் குழுவுக்கு ஸ்பீக்கர் கொண்டுவந்தேன். கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: “பிள்ள இன்னும் மாதா வயித்துக்குள்ள இருக்கு தம்பி. இப்பவே காதக் கிழிக்கணுமா?”

அடுத்த வருடம் அந்தோனி பந்தயம் கட்டி, ஐந்தே முக்காலுக்குக் கோயில் வாசலில் சீன வெடி கொளுத்தினான். உள்ளே அசைவில்லை. ஆறு மணிக்கு வெளியே வந்தவர், “நமத்துப்போன வெடியவாடா வாங்குன?” என்றார். அன்றிலிருந்து அந்த அரை மணி நேரம் யாரும் கூப்பிடுவதில்லை. கேலியாக ஆரம்பித்தது மரியாதையாக முடிந்தது.

ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“காலையில பெரட்டுக் களத்துல பேர் கூப்பிடுற சத்தம். மலையில சத்தம். லயத்துல அங்கிட்டு ஒருத்தர் இருமுனா இங்கிட்டு முழிக்கணும். வர்ற பிள்ளைக்கு ஒரு மூலையாச்சும் சும்மா இருக்கட்டுமே, தம்பி.”

இந்த வருடம், இரண்டாவது வாரம், புதன்கிழமை. மழை விட்டிருந்தது. கீழ்ப் பிரிவுக்குப் போக வேன் காத்திருந்தது. பாட்டு எழுதிய கொப்பிகள் கோயிலுக்குள் இருந்தன. “டேய், அக்கா உள்ள இருக்காங்க. பூனை மாதிரி போ” என்றான் அந்தோனி. செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன்.

எப்போதும் நிமிர்ந்து உட்காருபவர். அன்று தோள் சுவரில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. அந்தக் குளிரில் நெற்றி வியர்த்திருந்தது.

பார்த்தேன். இதை எழுதத்தான் வேண்டும். பார்த்தேன். களைப்பு என்று நினைத்தேன். கொப்பிகளை எடுத்தேன். எங்கள் இரைச்சல் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஆறரை ஆகியும் காணாமல் சூசை அண்ணன் தேடிப் போயிருக்கிறார். சாத்திய கதவுக்கு வெளியே பத்து நிமிடம் காத்து நின்றுவிட்டுத்தான் திறந்திருக்கிறார்.

“கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தா...” என்றார் தோட்ட ஆஸ்பத்திரி வைத்தியர். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நான் தினமும் முடித்துப் பார்க்கிறேன்.

மறுநாள் சூசை அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வியர்வையை. கதவை.

“நீங்க கூப்பிட்டிருந்தா ஏசியிருப்பா, தம்பி.”

அக்காவின் கோயில் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார்.

“ஏசியிருக்கட்டுமே.”

வெள்ளிக்கிழமை அடக்கம். தேயிலைக்கு நடுவே, வழுக்கும் சரிவில் குழி. மண் போடுமுன் பாதர் ஒரு நிமிட மௌனம் கேட்டார். எல்லோரும் தலைகுனிந்தார்கள். நல்ல மௌனம். அவருக்குப் பிடித்திருக்கும்.

என்னால் முடியவில்லை. “அக்கா!” என்று கத்தினேன். பாதர் நிமிர்ந்து பார்த்தார். அந்தோனி என் கையைப் பிடித்தான். மறுபடியும் கூப்பிட்டேன். குழிக்கு மறுபக்கம், அதுவரை அழாமல் நின்ற சூசை அண்ணன் குனிந்து, உறங்குபவரை எழுப்பும் குரலில், “லூர்து,” என்றார். “ஏய் லூர்து. எந்திரி.”

பிறகு மண்.

போய் வாருங்கள், அக்கா. ஏசவாவது ஏசுங்கள்.