அழுக்கு பார்த்து எடுத்த இயற்பியல் கைடு

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கல்லாவில் முதலாளி. கவுண்டருக்கு உள்ளே நான். வெளியே, விளாத்திகுளத்துக்கு அப்பால் புதூரிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊரைச் சேர்ந்த அழகர்சாமி. அவர் பக்கத்தில் அவர் மகள் ரேணுகா. ஐந்தாவது ஆள் கிடையாது. ரேணுகாவுக்கு விற்ற கைடை யார் எடுத்துக் கொடுத்தது என்று பின்னால் பேச்சு வந்தபோது, கடைக்கு வந்த வாத்தியார் யாராவது சொல்லித்தான் கொடுத்திருப்போம் என்று முதலாளி சமாளித்துப் பார்த்தார். அப்படி யாரும் சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்தது நான்தான்.

கோவில்பட்டியில் பழைய பாடப் புத்தகமும் புதுக் கைடும் விற்கிற கடையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். பிறகு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினேன். மருந்து வாடை ஒத்துக்கொள்ளாமல் புத்தகக் கடைக்கு வந்தேன். இப்போது புத்தகக் கடை வேலைக்கு வருகிற பிள்ளைகள் படித்தவர்கள். அவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

1. எந்தப் புத்தகம் நல்ல புத்தகம்

நான் சொல்வது தொண்ணூறுகளில் நடந்தது. டாக்டர் படிப்புக்குப் போக பிளஸ் டூ மார்க்கோடு நுழைவுத் தேர்வு மார்க்கையும் சேர்த்துப் பார்த்த காலம். பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாள் கடையில் கூட்டம் கூடிவிடும். பிள்ளைகளுக்கு இருப்பது ஐந்தாறு வாரம். வெளியூர் கோச்சிங்குக்குப் போக வசதி உள்ளவர்கள் போய்விடுவார்கள். மீதிப் பேர் எங்கள் கவுண்டருக்கு வருவார்கள்.

வருகிற தகப்பன்மார் பெரும்பாலும் புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்ல புத்தகம். சிலர் இங்கிலீஷில் இருந்தால் நல்ல புத்தகம் என்பார்கள். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைக்கு ஆயிரம் பக்க இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, நிம்மதியாக பஸ் ஏறிப் போவார்கள். அந்தப் பிள்ளை முதல் பாடத்தைத் தாண்டாது. இதை நான் துணிந்து சொல்வேன், ஏனென்றால் அந்தப் புத்தகங்கள் பரீட்சை முடிந்ததும் பாதி விலைக்கு என்னிடமே திரும்பி வந்தன.

எனக்கு உள்ளே இருப்பதைப் படித்துத் தரம் சொல்லத் தெரியாது. வெளியே பார்க்கத் தெரியும். திரும்பி வந்த புத்தகத்தை மூடி வைத்து, முதுகுக்கு எதிர்ப்பக்கம், தாள்களின் விளிம்பைப் பார்க்க வேண்டும். விரல் பட்ட இடம் கறுத்திருக்கும். முன்னால் அரை அங்குலம் மட்டும் கறுத்து மற்றது வெள்ளையாக இருந்தால், பிள்ளை பாதியில் மூடிவிட்டது என்று அர்த்தம். நடுவில் கோடு கோடாக இருந்தால் சில பாடம் மட்டும் உபயோகம். முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒரே சீராக அழுக்கு இருந்தால் அது படிக்கப்பட்ட புத்தகம். விற்க வந்த பிள்ளையிடம் எவ்வளவு மார்க் என்றும் கேட்டு வைத்துக்கொள்வேன். நாலைந்து வருஷத்தில் இந்தக் கணக்கு தப்பவே இல்லை. டியூஷன் வாத்தியார்களே வந்து, "என்னம்மா, இந்த வருசம் எது அழுக்கு?" என்று கேட்பார்கள்.

2. எண்பத்தைந்து ரூபாய்க்கு விற்றது

அழகர்சாமி கேட்டதும் கனத்தைத்தான். "நல்லா தடியா இருக்கதாப் பாத்துக் குடுங்க தாயி" என்றார். இரண்டு கிடாக்குட்டியை விற்ற பணம் இடுப்பில் இருக்கிறது, பிள்ளைக்கு எது தேவையோ அதை எடுக்கலாம் என்று தானாகவே சொன்னார். அவர் ஊரிலிருந்து இந்தத் தேர்வுக்குப் போகிற முதல் ஆள் ரேணுகா. அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், நல்ல மார்க் வரும் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள்.

வேதியியலுக்கும் உயிரியலுக்கும் தமிழில் புது வினா வங்கி இருந்தது, கொடுத்தேன். இயற்பியலுக்குத் தமிழில் புதிதாக நல்லது எதுவும் வரவில்லை. பழைய புத்தக அலமாரியிலிருந்து ஒரு தமிழ்க் கைடை எடுத்தேன். அதன் விளிம்பு அவ்வளவு சீரான கறுப்பு. கவுண்டரில் நிறுத்திவைத்து அவளுக்குக் காட்டி, அழுக்கைப் பற்றியும் சொன்னேன்.

"இது யாரு படிச்சதுக்கா?" என்று கேட்டாள்.

"மூணு பிள்ளைக கை மாறி வந்தது. அதுல ஒருத்தி இப்ப மெடிக்கல்ல படிக்கா."

அது உண்மைதான். ஆனால் அந்த வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்தக் கைடுக்கு மட்டும் எண்பத்தைந்து ரூபாய் பில் போட்டேன். தகப்பனார் பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டேன். பில் புத்தகத்தில் ஊர் பெயர் எழுதச் சொல்லி யாரும் என்னிடம் சொன்னதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எழுதுவது என் வழக்கம்.

3. வாத்தியார் பென்சில்

பன்னிரண்டு நாள் கழித்து, மேல்நிலைப் பள்ளி இயற்பியல் வாத்தியார் ஒருவர் சிவப்புப் பேனா வாங்க வந்தார். அதே கைடின் இன்னொரு பிரதி அலமாரியில் இருந்தது. எடுத்துப் புரட்டினார்.

"இத இன்னுமா வச்சிருக்க? இந்த வருசப் பிள்ளைகளுக்குப் புதுப் பாடம்லா" என்றார்.

பாடத்திட்டம் மாறியது எனக்குத் தெரியும். புதுப் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட பிரவுன் பேப்பர் விற்றதே நான்தான். ஆனால் அட்டையும் படமும்தான் மாறியிருக்கும், இயற்பியல் எங்கே மாறப் போகிறது, பூமி சுற்றுவதை நிறுத்திவிட்டதா என்று இருந்துவிட்டேன். வாத்தியார் பென்சில் எடுத்துப் பொருளடக்கத்தில் குறித்துக் காட்டினார். ஆறு பாடம் இப்போது கிடையாது. புதிதாக வந்த நான்கு பாடம் கைடில் கிடையாது.

அவர் போன பிறகுதான் என் கணக்கில் இருந்த ஓட்டை தெரிந்தது. எந்தப் புத்தகம் அதிக வருஷம், அதிகக் கை மாறியதோ அதற்குத்தான் அழுக்கு அதிகம். ஆகவே அழுக்கைப் பார்த்து எடுக்கிறவள் பழையதைத்தான் எடுப்பாள். பாடம் மாறாத வரைக்கும் அது கெட்டிக்காரத்தனம். பாடம் மாறின வருஷம் அதுவே பிள்ளையைக் கெடுக்கும்.

பில் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தக் கைடு அந்த வருஷம் போனது ஒரே ஒரு பிரதி.

முதலாளியிடம் சொன்னேன். எங்கள் கடையில் நுழைவுத் தேர்வுப் புத்தகம் திரும்ப எடுக்கிற வழக்கம் இல்லை. எடுத்தால், ஜெராக்ஸ் போட்டுவிட்டு மறுநாளே கொண்டுவந்து நீட்டுவார்கள். அதைத்தான் அவர் முதலில் சொன்னார். பிறகு, பிள்ளை தானே பார்த்துத் தெரிந்துகொள்ளும் என்றார். நான் போய் மாற்றிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"வித்த புஸ்தகத்துக்குப் பின்னால நடந்தா கடைய யாரு பாப்பா? போறதுன்னா ஞாயித்துக்கெழம போ. பஸ் காசு கடைக் கணக்குல வராது, சொல்லிட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. கடை அவருடையது, தவறு என்னுடையது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டியதில்லை. அந்த வாத்தியார் வீட்டுக்கே போய், இருக்கிற நாளுக்கு எது போதும் என்று கேட்டேன். புதுப் பாடத்துக்குத் தமிழில் அப்போதுதான் வந்திருந்த மெல்லிய வினா வங்கி ஒன்றின் பெயரைச் சொன்னார். அது எங்கள் கடையில் இல்லை. இன்னொரு கடையில் நாற்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன்.

4. புதூர் பஸ்

ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளம் போய், பஸ் மாறி, புதூரில் இறங்கினேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பைக்குள் கைவிட்டு, வினா வங்கி இருக்கிறதா என்று பார்த்தேன். அது எங்கே போகும்? ஆனாலும் பார்த்தேன். இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. அறுவடை முடிந்த கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நிழலுக்கு வேலிக்கருவையைத் தவிர ஒன்றுமில்லை. தப்பை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அழகர்சாமி வீட்டு முன்னால் காயப்போட்ட மிளகாய் வற்றலில், வெளுத்துப்போன சண்டு வற்றலைப் பொறுக்கித் தனியே போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "புஸ்தகக் கட தாயிலா. இம்புட்டுத் தூரம் என்ன சோலி?"

ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "அண்ணாச்சி, நான் குடுத்த பிசிக்ஸ் புஸ்தகம் தப்பு. அது பழைய பாடம். மாத்திக் குடுக்க வந்திருக்கேன்."

கையில் இருந்த வற்றலைக் கீழே போட்டார். "தப்பா? பிள்ள அதத்தான ராத்திரி பகலா கரச்சிக் குடிக்குது." பிறகு உள்ளே பார்த்து, "ஏ அம்மாயி, அந்த அழுக்குப் புஸ்தகத்த எடுத்துட்டு வா" என்றார். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எனக்காகத் தமிழில் சொன்னார்.

ரேணுகா கைடோடு ஒரு நோட்டையும் கொண்டுவந்தாள். முத்து முத்தாக எழுதியிருந்தாள். வாத்தியார் பென்சிலால் அடித்துக் காட்டிய அதே ஆறு பாடங்கள்தான் நோட்டு முழுக்க. பாடப் புத்தகத்தில் இதெல்லாம் இல்லை என்று உனக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும்க்கா. ஆனா மெடிக்கல் போன அக்கா படிச்சதுன்னு சொன்னீங்கள்லா. அப்ப பாடத்துல இல்லாததத்தான் அங்கன கேப்பாவ போலன்னு நெனச்சேன். அதான் இத மட்டும் படிச்சேன்."

பாடப் புத்தகத்தை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டாளாம்.

பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை விட, கடைக்காரி சொன்ன புத்தகம் பெரிது என்று ஒரு பிள்ளை நம்பும் என்று நான் நினைத்ததே இல்லை. புரியாத புத்தகம் வாங்கினால் படிக்காமல் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான் நஷ்டம் என்று எண்ணியிருந்தேன். இவள் படித்திருந்தாள்.

"அப்ப இம்புட்டு நாளும் வீணா?" என்று அழகர்சாமி கேட்டார்.

"பிசிக்ஸ் மட்டும் வீணுதான் அண்ணாச்சி. இன்னும் மூணு வாரம் இருக்கு."

வீணில்லை, அதுவும் உதவும் என்று சொல்லலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் அந்த ஆறு பாடத்தையும் விட்டிருக்க மாட்டாள். புது வினா வங்கியைக் கொடுத்தேன். அவள் அதை மூடி, விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல அழுக்கே இல்லையேக்கா."

"இது இன்னும் யாரும் படிக்காதது. அச்சடிச்ச வருசம் இந்தா இருக்கு, பாத்துக்க." மூன்றாம் பக்கத்தை விரித்துக் காட்டினேன். அவள் வருஷத்தைப் பார்த்தாள். அதோடு விடவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து பாடப் புத்தகத்தை எடுத்துவந்தாள். இரண்டு பொருளடக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பாடம் பாடமாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். நான் கடையில் செய்திருக்க வேண்டிய வேலை.

வாத்தியார் சொன்னதைச் சொன்னேன். முதலில் பாடப் புத்தகம், ஒரு வரி விடாமல். பிறகு பாடத்தின் பின்னால் உள்ள கேள்விகள். அதற்குப் பிறகுதான் வினா வங்கி. யார் என்ன சொன்னாலும் இனி புதுப் புத்தகம் எதுவும் வாங்கக் கூடாது.

அழகர்சாமி புதுப் புத்தகத்துக்கு நாற்பது ரூபாயை எண்ணி என் கையில் வைத்தார். வேண்டாம் என்றதற்குக் கேட்கவில்லை. பழைய கைடுக்கு நான் திருப்பிக் கொடுத்த எண்பத்தைந்தை மட்டும் வாங்க மாட்டேன் என்றார். "இப்ப வாங்குனா செலவாயிரும். ரிசல்ட் வரட்டும். பிள்ள வந்து வாங்கிக்கிடும்."

5. ரிசல்ட்

ரேணுகாவுக்கு டாக்டர் படிப்பு கிடைக்கவில்லை. ஒன்றரை மார்க்கில் போய்விட்டது. கால்நடை மருத்துவப் படிப்பு கிடைத்தது. கல்லூரியில் சேரப் போகும் முன்னால் ரெக்கார்டு நோட்டு வாங்கக் கடைக்கு வந்தாள். மூன்று பாடத்தில் எதில் மார்க் குறைந்தது என்று கேட்டேன். கேட்காமல் என்னால் இருக்க முடியாது.

"பிசிக்ஸ்லதான்க்கா."

வீணாய்ப் போன அந்த நாட்களால்தான் குறைந்ததா என்று அவள் சொல்லவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. எங்கள் பக்கம் ஆட்டு டாக்டர்தான் வேண்டும், மனுசன் எப்படியும் மதுரைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வான் என்று அவள் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாராம். அதைச் சொல்லிச் சிரித்தாள்.

தனியே மடித்து வைத்திருந்த எண்பத்தைந்து ரூபாயை எடுத்து நீட்டினேன். அவள் ரெக்கார்டு நோட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "வேண்டாம்க்கா. வாங்கிட்டா நீங்க மறந்துருவீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அது உறைத்தது.

அடுத்த வருஷத்திலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். நுழைவுத் தேர்வுக்குப் புத்தகம் கேட்டு வருகிற பிள்ளை தன் பாடப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவர வேண்டும். இரண்டு பொருளடக்கத்தையும் கவுண்டரில் வைத்து அந்தப் பிள்ளையே ஒத்துப் பார்க்க வேண்டும். அச்சான வருஷத்தை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் பில். வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளி முனகினார். இரண்டு வருஷம் குறையத்தான் செய்தது. பிறகு பள்ளிக்கூடங்களே பிள்ளைகளை எங்கள் கடைக்கு அனுப்பின. அழுக்கு பார்ப்பதையும் நான் விடவில்லை. அது நல்ல முறைதான். வருஷத்தைப் பார்த்த பிறகு பார்க்க வேண்டிய முறை.

நீங்கள் எவ்வளவு படித்திருந்தாலும் புத்தகத்தைப் புகழ்ந்து விற்காதீர்கள். யார் படித்தது, எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்ற கதை வேண்டாம். வாங்குகிற பிள்ளை உங்கள் கதையையும் சேர்த்துத்தான் படிக்கும்.

வேலையை விட்ட அன்றைக்கு முதலாளி என் கணக்கை முடித்துக் கொடுத்தார். அவருக்கு நான் தரவேண்டியதும் எனக்கு அவர் தரவேண்டியதும் இல்லை. ரேணுகாவுக்கு மட்டும் தரவேண்டியிருக்கிறது, எண்பத்தைந்து ரூபாய்.