டிசம்பரில் தள்ளிப்போன தைராய்டு ஆபரேஷன்

‘டிசம்பர், முதல் செவ்வாய். பெட் நான்கு. தைராய்டு ஆபரேஷன் தள்ளிவைப்பு. காரணம்: கிறிஸ்துமஸ்.’ என் டியூட்டி டைரியில் உள்ள குறிப்பு இது. இப்படியொரு காரணம் அதில் வேறெங்கும் இல்லை.

பெங்களூரில் நான் சர்ஜிக்கல் வார்டு இன்சார்ஜாக இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்கும் கன்சென்ட் ஃபாரத்தைக் கட்டிலில் இருப்பவரிடம் நீட்டுவதில்லை; பக்கத்தில் நிற்கும் மகனிடமோ கணவரிடமோதான் பேனா போகும். பெட் நான்கில் இருந்த காக்ஸ் டவுன் ஸ்டெல்லா டீச்சருக்கும் மகன் ஆல்வின்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். தியேட்டருக்கு அனுப்புமுன் நோயாளியிடமே பெயரையும் ஆபரேஷனையும் கேட்டுச் சரிபார்ப்பது என் வேலை.

“கழுத்துல கட்டி, எடுக்கப் போறாங்க,” என்றார் டீச்சர். “சிஸ்டர், கிறிஸ்துமஸுக்கு சர்ச்ல சோலோ பாடணும். அதுக்குள்ள தையல் ஆறிடும் இல்ல?”

தையல் ஆறிவிடும். ஆனால் குரலுக்கான நரம்பு தைராய்டை ஒட்டியே போகிறது; குரல் மாறக்கூடும் என்று ஃபாரத்திலேயே அச்சிட்டிருந்தது. ஆல்வினைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“அம்மா பயந்துடுவாங்கன்னுதான் சொல்லல, சிஸ்டர். வைட்ஃபீல்ட் ஆபீஸ்ல இந்த வாரம்தான் லீவு கிடைச்சுது.”

“எட்டாங்கிளாஸ் பசங்களையே மேய்ச்சவ நான். எனக்கா பயம்? என்னன்னு சொல்லுங்க.”

சர்ஜனுக்கு போன் செய்தேன். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். தியேட்டர் உடையிலேயே வந்து, ஸ்டூலை இழுத்து டீச்சருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“குரல் கொஞ்சம் மாறலாம்மா. நிறைய பேருக்கு சரியாயிடும், எல்லாருக்கும்னு சொல்ல முடியாது. ஊசி டெஸ்ட்ல கேன்சர் இல்ல. அதனால ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கிட்டு வெயிட் பண்ணலாம். ஆனா கட்டி வளருது, விட்டா முழுங்கக் கஷ்டமாகும்.”

“அப்ப ஜனவரி. பாடிட்டு வரேன்.”

“ம்மா, என் லீவு?”

“லீவு உன்னுது. கழுத்து என்னுதுடா.”

சர்ஜன் சிரித்துவிட்டார். “ஆகலி, ஜனவரியே ஆகட்டும்.”

ஜனவரியில் வந்தார். ஃபாரத்தை முழுக்க வாசித்து, அதிலிருந்த ஓர் அச்சுப்பிழையைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்திட்டார். அதன்பின் எங்கள் வார்டில் பேனா முதலில் கட்டிலுக்குப் போகத் தொடங்கியது. புதிதாக வரும் சிஸ்டர்களுக்கு நான் சொல்வதும் அதுதான்: நிற்பவரிடம் அப்புறம் பேசலாம், முதலில் படுத்திருப்பவரிடம் கேளுங்கள்.

ஈஸ்டருக்கு டீச்சர் மறுபடி சோலோ பாடினாராம். குரல் சற்றுக் கனத்திருந்தாலும் முன்னைவிட நன்றாக இருந்ததாம். இது ஆல்வின் சொன்னது. டீச்சரிடம் நான் இன்னும் கேட்டுச் சரிபார்க்கவில்லை.