தண்டனை முடிந்தவனின் மனு

உங்கள் காதில் பூச்சுற்ற எனக்கு நேரமில்லை. இது நடந்தது.

போன ஜனவரி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் 4.50. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் அகதித் தமிழரின் கடைத்தெருவான லா ஷப்பலில் ஒரு சலூனின் பின்னறையில் அகதிக் கேஸ் எழுதிக் கொடுக்கிறவன் நான். பதினெட்டு வருட அனுபவம். கணினியில் தட்டுமுன் எப்போதும் கையால்தான் எழுதுவேன்.

நிமிர்ந்தால், எதிர்க் கதிரையில் ஒரு வெள்ளைக்காரன். கதவுச் சத்தமே கேட்கவில்லை. மழையும் இல்லை, ஆனால் அவன் காலடியில் தண்ணீர். பெயர் ஜோப் ஹார்ட்லி என்றான். பேசியது ஆங்கிலம், எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

"கப்பலிலை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனவங்கள். ஏழு வருசத் தண்டனை முடிஞ்சுது. திரும்ப விடுறாங்களில்லை. லண்டனிலை என்ரை மகள் தனிய. அவளிட்டைப் போக ஒரு மனு எழுதித் தாங்கோ."

எங்கள் பெடியளும் படகில் போய் அங்கேதானே மாட்டுப்பட்டார்கள்? இவனும் அப்படி என்றே நினைத்தேன். வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"தழும்பு இருக்கோ?"

கேஸோடு வைக்கிற டொக்டர் கடிதத்துக்கு அது முக்கியம். சட்டையைக் கழற்றினான். ஐயோ கடவுளே... முதுகில் தோலே இல்லை. கணுக்காலில் இரும்பு வளையத் தடம்.

"என்ன செய்தனீர்?"

"ஆடு களவெடுத்தனான். அப்பிடியே எழுதுங்கோ."

"உமக்கென்ன விசரே? களவெண்டு எழுதினால் கேஸ் நிக்காது."

குற்றமற்றவன் என்று ஆங்கிலத்தில் எழுதி வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினான்.

"அது உண்மையில்லை..."

"எனக்குப் படிப்பிக்க வராதையும். கையெழுத்தை வையும்!"

வைத்தான். அவன் விரல் பட்டது. ஐஸ்.

5.12. சலூன்காரத் துஷ்யந்தன் தலையை நீட்டினான்.

"அண்ணை, தனிய ஆரோடை கதைக்கிறியள்?"

திரும்பினேன். கதிரை வெறுமை. மேசையில் தாளும் இல்லை.

கிளுங்... கிளுங்...

சங்கிலி.

சுவருக்குள்.

மூன்று கிழமை கண்மூடவில்லை. கடைசியில் பக்கத்துப் புத்தகக்கடை எலோடியிடம் பெயரைச் சொன்னேன். பழைய பதிவுகளைத் தோண்டுவதில் அவள் கெட்டிக்காரி. ஆஸ்திரேலிய ஆவணக்காப்பகம் ஒன்றின் இணையத்தளத்தில் எடுத்துவிட்டாள். ஒரு மனுவின் படம். வருடம் 1826.

என் கையெழுத்து. என் நீலப் பேனை மை.

கீழே ஓர் அதிகாரியின் குறிப்பு: "நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட களவை இப்போது மறுக்கிறான். பொய்யன். மனு நிராகரிக்கப்பட்டது. ஐம்பது கசையடி."

அதற்கும் கீழே, வேறொருவரின் கையெழுத்தில், ஒரே ஒரு வரி.

"நாற்பத்தோராவது அடியில் இறந்தான்."