கவிழ்த்துப் போட்ட கல்

எங்கள் குடும்பத்தில் எம்.ஏ. வரை படித்தவர் சித்தப்பா ஒருவர்தான். ஆனால் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள யாருக்கும் வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் படித்தது வரலாறு. சென்னையில் ஐந்து வருஷம் படித்துவிட்டு, இரண்டு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்களோடு அவர் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கிய அன்றே பெரியப்பா தன் தம்பியான என் நைனாவிடம் கேட்டார்: "செத்தவங்க கதைய படிச்சுட்டு வந்துக்கிறான். உயிரோட இருக்கறவனுக்கு அது இன்னாத்துக்கு ஆவும்?" நைனா பெட்டிகளைத் தூக்கிப் பரணில் வைத்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் சித்தப்பா ரேஷன் வரிசையில் நின்றார், கரண்ட் பில் கட்டினார், எனக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தார். அவலூர்பேட்டையில் அவருக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். பெண் வீட்டார், "மொதல்ல ஒரு வேலைல உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். பெரியப்பாவுக்கு ஒரு தனியார் பள்ளித் தாளாளரைத் தெரியும். சமூக அறிவியல் வாத்தியார் வேலைக்குச் சொல்லி வைப்பதாகப் பெரியப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லி வைக்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கல் கிடைத்தது. பெரியப்பா புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, இடுப்பளவு ஆழத்தில், ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு பலகைக் கல். ஒரு பக்கம் முழுக்க எழுத்து. செஞ்சிக் கோட்டையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எல்லோருக்கும் தாங்கள் மேலே உட்கார்ந்திருந்தவர்களின் வாரிசு என்றுதான் தோன்றும், கல் சுமந்து மேலே ஏறியவர்களின் வாரிசு என்று ஒருவருக்கும் தோன்றாது. தெரு முழுக்க அன்றைக்கே முடிவு செய்துவிட்டது. இது ராஜா எங்கள் முப்பாட்டனுக்குப் பட்டம் கொடுத்த கல்.

கல்லைப் படிப்பதற்கு முன்பே பெரியப்பா பிளெக்ஸ் பேனருக்குச் சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் வாள், நடுவில் 'ஆண்ட பரம்பரை', அதன் கீழே பெரியப்பா. அடியில் வரிசையாகக் குடும்பத்துப் பிள்ளைகளின் படம். எனக்கும் பட்டுப்பாவாடை கட்டி ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்ட் வாசலில் அது நிற்கும், என் வகுப்பில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நான் இரண்டு நாளாகச் சாப்பாட்டில் கவனமில்லாமல் இருந்தேன்.

படிக்கத்தான் ஆள் வேண்டும். திடீரென்று சித்தப்பாவுக்கு மரியாதை வந்துவிட்டது. அவருக்கு நாற்காலி போட்டார்கள், சோடா உடைத்துக் கொடுத்தார்கள். "திங்கக்கெழமையே போயி தாளாளரப் பாத்துடலாம்டா" என்று பெரியப்பா எல்லோர் முன்னாலும் சொன்னார். நைனாவின் முகத்தில் அன்றைக்குத்தான் நான் ஒரு தெளிவைப் பார்த்தேன்.

சித்தப்பா நாற்காலியில் உட்காரவில்லை. மண்ணில் முட்டி போட்டு, கல்லைக் கழுவித் துடைத்து, கோலமாவை எழுத்துகளின் மேல் தேய்த்தார். இரண்டு கையும் வெள்ளையாக இருந்ததால் என்னைக் கூப்பிட்டார். "நோட்டு எடுத்துக்கினு வா பாப்பா. நான் சொல்றத அப்பிடியே எழுது. புரியலன்னாலும் எழுது." ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்தது.

முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. கூட்டத்தைப் பார்க்காமலே பேசினார். "பஞ்சத்துல எழுதனது. ஒரு அம்மா. கஞ்சிக்கு வழியில்லாம, தன்னையும் ரெண்டு பொண்ணுங்களையும் கோயிலுக்கு அடிமையா வித்துக்கிட்டாங்க. மூணு பேரு பேரும் இருக்குது. இந்த மாதிரி ஆளுங்க பேரு கெடைக்கிறதே அபூர்வம்ணா."

பெரியப்பா மெதுவாகக் கேட்டார். "ராஜான்னு ஒரு வார்த்தை வரலியா?"

"வருது. மொத வரியே அவரு பேருதான். அவரு ஆட்சியிலதான் பஞ்சம்."

பெரியப்பா அவர் தோளில் கை போட்டுக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். நான் நோட்டோடு பின்னாலேயே நின்றேன்.

"வேற மாதிரி சொல்லிடுறா. ஒரு வார்த்தை மாத்துனா இன்னா? இந்த ஊருல எவன் படிச்சுப் பாக்கப் போறான்?"

"அதனாலதாண்ணா மாத்த முடியாது," என்றார் சித்தப்பா. பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "ராஜாவுக்குப் பொறந்தோம்னு சொல்றதுக்குப் பதிலா, இந்த அம்மாவுக்குப் பொறந்தோம்னு சொன்னா இன்னாண்ணா கொறைஞ்சுடும்?"

அது கூட்டத்தின் காதிலும் விழுந்துவிட்டது. தன்னை விற்றுக்கொண்டவள் வயிற்றிலா நாங்கள் பிறந்தோம் என்று ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். நைனா தம்பியைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

சித்தப்பா அப்போதும் கல்லைப் பற்றித்தான் கவலைப்பட்டார். காகிதமும் மையும் வாங்கி வந்து மறுநாள் எழுத்துகளை ஒற்றி எடுக்கப்போவதாகவும், அதைத் தன் பேராசிரியருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். மறுநாள் அவர் விழுப்புரம் போய்க் காகிதத்தோடு திரும்புவதற்குள், கொத்தனார் கல்லைக் கவிழ்த்துப் போட்டு, நாலு பக்கமும் சிமெண்ட் பூசி, வாசல்படி ஆக்கியிருந்தார். சித்தப்பா அதன் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த வாரமே வேலை தேடிச் சென்னைக்குப் பஸ் ஏறினார். அவலூர்பேட்டைப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது.

கிளம்பும்போது, "அந்த நோட்டப் பத்திரமா வெச்சிக்கினு இரு பாப்பா, வந்து வாங்கிக்கிறேன்" என்றார். நான் தலையாட்டினேன். அந்தப் பக்கம் அப்போது நோட்டில் இல்லை. பிளெக்ஸ் வராது என்று தெரிந்த சாயங்காலமே கிழித்து, வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். சித்தப்பா ஒரு பொய் சொல்லியிருந்தால் என் படம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்குமே என்ற ஆத்திரம்.

சித்தப்பா இப்போது ஒரு தொழிற்சாலையின் கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பொங்கலுக்குப் போன் பேசினால், நலம் விசாரித்து முடித்த பிறகு ஒருமுறை கேட்பார். "அந்த நோட்டு கெடைச்சுதா? அம்மா பேரு நெனப்புல இருக்குது. சின்னப் பொண்ணு பேருதான் சந்தேகமா இருக்குது. நெனப்ப வெச்சிச் சொல்லக்கூடாது பாப்பா, எழுத்து வேணும்." தேடுகிறேன் என்று சொல்வேன். பதினைந்து வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ஊருக்குப் போனால் பெரியப்பா வீட்டுப் படியை மிதிக்காமல் தாண்டித்தான் உள்ளே போகிறேன். காலில் என்ன வலி என்று பெரியம்மா கேட்கிறார். கஞ்சிக்கில்லாத ஒருத்தி தன் பெண்களின் பெயரைக் கல்லில் விட்டுப்போனாள் என்பதும், அத்தனை வருஷம் கழித்து அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஒருவர் எங்கள் வீட்டில் ரேஷன் வரிசையில் நின்றுகொண்டிருந்தார் என்பதும், அந்த மூன்று பேரும் கண்ணுக்குத் தெரியும்படி கடைசியாக இருந்த இடம் என் நோட்டுதான் என்பதும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் படம் வராது என்பது மட்டும்தான்.