ரகசியத்தை ஊருக்கே சொன்ன என் குரல்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியில் நடந்தது இது. நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

சம்பளம் கிடைக்காமல் வேலையை விட்டு வந்து, வழக்கு முடியும்வரை காத்திருக்கிற பணிப்பெண்களுக்கு ஒரு சின்ன உதவிக் குழு அங்கே ஞாயிறுதோறும் சாப்பாடும் மளிகைப் பையும் கொடுக்கும். வார நாட்களில் சாங்கியில் ஒரு சரக்கு நிறுவனத்தில் கணினியோடு மல்லுக்கட்டும் நான், ஞாயிறுகளில் அங்கே சோறு பரிமாறுவேன்.

அவர்களுடைய வழக்குகளைக் கவனிக்கும் வக்கீல் அக்கா ஒருநாள் கேட்டார்: “நம்ம தொண்டர்கள்லயே ஒருத்தர் தப்பா நடந்துக்கிட்டா இவங்க யாருகிட்ட சொல்வாங்க? சாப்பாடு போடுற கையைப் பத்தி எப்படிப் புகார் சொல்வாங்க?”

“அதுக்கு நான் ஒண்ணு செஞ்சு தரேன்” என்று உடனே கையைத் தூக்கினேன். எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியாதே.

பிரமாதமாகத்தான் செய்தேன். மளிகைப் பையில் போடும் ஒரு சின்ன அட்டையில் கியூஆர் கோடு. அதை ஸ்கேன் செய்து, போனில் மெதுவாகப் பேசி அனுப்பினால் போதும். பெயர், நம்பர் எதுவும் வேண்டாம். எனக்கும் வக்கீல் அக்காவுக்கும் மட்டுமே வரும். படிக்கத் தெரியாதவர்களும் இருந்ததால் எல்லா விளக்கங்களையும் குரலிலேயே பதிவு செய்தேன். யார் குரலில்? என் குரலில்தான்.

தோ பாயோவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் நான் எங்கள் தேவாலயத்தில் ஞாயிறு வாசகம் வாசிப்பவள். மைக் கெட்டுப்போனாலும் எனக்குக் கவலையில்லை. “நீ ரகசியம் பேசினா பக்கத்து புளோக்குல லைட் போடுறாங்க லா” என்பார் என் கணவர். அந்தக் குரலில், வாசக மேடையில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு பதிவு செய்தேன்: “உங்கள் புகார் பத்திரமாகக் கிடைத்தது. இது யாருக்கும் தெரியாது. நன்றி.” வேலைக்குப் போகும்போது ரயிலில் பலமுறை சோதித்தும் பார்த்தேன். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு.

அட்டை கொடுத்த அடுத்த ஞாயிறு. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி ஓரம், சில வாரங்களுக்கு முன்பு சேர்ந்த ஒரு பெண் போனை வாயருகே வைத்து ஏதோ முணுமுணுத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினாள்.

“உங்கள் புகார் பத்திரமாகக் கிடைத்தது! இது யாருக்கும் தெரியாது! நன்றி!”

கூடமே திரும்பிப் பார்த்தது. என் கையில் இருந்த கரண்டி நழுவியது. அந்தப் பெண் போனைத் துப்பட்டாவுக்குள் அமுக்கினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

வாசலில் நின்றிருந்தார் எங்கள் கார் தொண்டர். கனமான பைகளோடு பெண்களை அவரவர் தங்குமிடத்தில் இறக்கிவிடுபவர். வாராவாரம் எல்லோருக்கும் தின்னக் கறிபாப் வாங்கி வருவார். எனக்கும் அவரைப் பிடிக்கும். “என்னம்மா புகாரு? யார் மேல?” என்று சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை. சாவியைச் சுழற்றிக்கொண்டு அவளையே பார்த்தார். அன்று அவளும் அவர் காரில்தான் போக வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் மரம் மாதிரி நின்றேன்.

அப்போது பாத்திரம் கழுவும் மூலையில் இன்னொரு பெண், நல்ல வாட்டசாட்டமான ஆள், கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். திரும்பி நின்று ஏதோ பேசினாள்.

“உங்கள் புகார் பத்திரமாகக் கிடைத்தது!”

“நான்தான்” என்றாள் கூடத்தைப் பார்த்து. “சாம்பார்ல உப்பே இல்ல. புகார் குடுத்துட்டேன்.”

“போன வாரம் உப்பு ஜாஸ்தின்னீங்களே!” என்று சமையல் அங்கிள் எகிறினார். அதற்குள் ஜன்னலோரம் ஒரு போன் கத்தியது. பிறகு பந்தியின் நடுவில் ஒன்று. பிறகு நாலாபக்கமும். ஒத்திகை பார்க்காத பாடகர் குழு மாதிரி, ஒன்று “நன்றி” சொல்லும்போது இன்னொன்று “உங்கள் புகார்” என்று தொடங்கியது. இது யாருக்கும் தெரியாது, இது யாருக்கும் தெரியாது என்று கூடம் முழுக்க என் குரலே அலறியது. கீழ்த்தளப் பூக்கடைக்காரர் மேலே வந்து, “என்னங்க, எலெக்‌ஷனா?” என்று கேட்டார்.

முதலில் அழுத்தியது யார் என்பதை எல்லோரும் மறந்தே போனார்கள். எல்லோர் கவனமும் அங்கிளைச் சமாதானப்படுத்துவதில் இருந்தது.

நானும் வக்கீல் அக்காவும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு புகார்களைக் கேட்டோம். முதல் குரல் நடுங்கியது. “கார் அண்ணன் என்னை மட்டும் கடைசியா இறக்குறாரு. முன்னாடி உக்காரச் சொல்லி மேல கை வைக்கிறாரு. வேணாம்னா மளிகைப் பை கிடைக்காதுங்குறாரு.”

அடுத்தவை பெரும்பாலும் வெறும் மூச்சுச் சத்தம். ஒருத்தி ஃபேன் ஓடவில்லை என்றிருந்தாள். ஒருத்தி செருப்பைக் காணோம் என்றிருந்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பிறகு பாத்திரம் கழுவியவளின் குரல் வந்தது.

“அக்கா, சாம்பார் நல்லாத்தான் இருக்கு. அந்தப் புள்ள கார் அண்ணனைப் பத்திச் சொல்லியிருந்தா அது நெசந்தான். என்னையும் அப்படித்தான் செஞ்சாரு. நான் சொல்லல.”

அக்கா வெளியே வந்து, “இன்னைக்குக் கார் வேணாம். எல்லாரும் எம்.ஆர்.டி-ல போறோம்” என்று மட்டும் சொன்னார். மளிகைப் பைகளோடு ரயிலேறிய எங்கள் ஊர்வலத்தில் அரிசி மூட்டை என் தலையில். அது எனக்குச் சரியான தண்டனைதான். அந்த ஆள் அதன்பிறகு மாடி ஏறவில்லை. இரண்டு பெண்களும் சம்மதித்ததும் அக்கா அவர்களோடு போலீசுக்குப் போனார்.

அன்று மாலையே என் குரலை அழித்துவிட்டேன். இப்போது புகார் வந்தால் திரையில் ஒரு பச்சைப் புள்ளி மட்டும் தெரியும். ‘யாருக்கும் தெரியாது’ என்று நான் ஊரைக் கூட்டிச் சொன்னதை உண்மையாக்கிக் காட்டியது அந்தப் பெண்கள்தான். இன்றும் வாசக மேடையில் ஏறி வாயைத் திறக்கும் முன், உப்பு சரியாக இருந்த அந்தச் சாம்பாரை ஒரு கணம் நினைத்துக்கொள்கிறேன்.