படலை வரை

நீதிபதி ஹெதர்லிக்கு ஏழு வருடம் தட்டச்சு செய்தவள் நான். 1979இல் அவர் ஓய்வுபெற்றபோது பெரிய மனிதர்கள் ஆளுக்கொரு புகழுரை வாசித்தார்கள். எலெனி வழக்கைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

அவர் ரயில்வே தொழிலாளியின் மகன். வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்தவர். பன்னிரண்டு வருடம் விக்டோரியா மாநிலச் சட்டசபையில் இருந்தார். வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டாலும் தொழிலாளிக்கு நட்டஈடு உண்டு என்ற சட்டத்தைப் போராடிக் கொண்டுவந்தவர் அவர்தான். பிறகு அரசியலை விட்டு, மெல்பேர்னில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியானார். கொழும்பில் சுருக்கெழுத்துப் படித்திருந்த நான் 1972இல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

நாலு வருடம் கழித்து எலெனியின் மேல்முறையீடு வந்தது. தையல் தொழிற்சாலையில் வேலை செய்த கிரேக்கப் பெண். காலையில் வேலைக்குப் புறப்பட்டவள், தன் வீட்டுக் கதவுக்கும் தெருவோரக் கேற்றுக்கும் நடுவே ஈரத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். இனி மெஷினில் உட்கார முடியாது. சட்டத்திலோ, 'வீட்டின் எல்லையைத் தாண்டிய பின்' என்று இருந்தது. எல்லை கதவா, கேற்றா? கதவு என்றால் அவளுக்கு நட்டஈடு. கேற் என்றால் ஒன்றுமில்லை.

விசாரணை முடிந்த மத்தியானம் தேநீர் குடித்துக்கொண்டே நீதிபதி என்னிடம் கேட்டார்: "உங்கள் ஊரில் வீடு எங்கே முடியும்?"

"படலையில்" என்றேன், யோசிக்காமல். படலை என்றால் கேற் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில் வேலிக்குள் இருக்கும் கிணறும் முற்றமும் வீடுதானே! சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் தலையாட்டிவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

வீட்டுக்குப் போய் என் கணவர் நித்தியானந்தனிடம் அழுதேன். "என்ர வாயால அந்தப் பிள்ளையின்ர சோத்தில மண் போட்டிட்டன்."

"விசர்க்கதை கதையாதையும். உம்மைக் கேட்டே அவர் தீர்ப்பு எழுதுறார்?"

"ஓம், கேட்டவர்தானே!"

திங்கட்கிழமை அவர் தீர்ப்பைச் சொல்லச் சொல்ல எழுதினேன். எலெனி தோற்றாள். என் பென்சில் நின்றுவிட்டது.

"நான் சொன்னதாலா?" என்று கேட்டேன்.

"இல்லை, மிஸஸ் நித்தியானந்தன். 'எல்லை' என்ற சொல்லைச் சேர்த்தது நான்தான். மேல்சபையில் அந்தச் சட்டத்துக்கு வாக்குப் போதவில்லை. அவர்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அன்றைக்கே எல்லோருக்கும் தெரியும், அது கேற் என்று. இன்றைக்கு அதற்கு வேறு அர்த்தம் சொல்ல எனக்கு உரிமையில்லை."

"பிறகு ஏன் என்னைக் கேட்டீர்கள்?"

"நீங்களாவது கதவு என்று சொல்ல மாட்டீர்களா என்று பார்த்தேன்."

பிறகு கடைசி வரியைச் சொன்னார்: "இந்தச் சொல்லைச் சேர்த்த உறுப்பினர் பிழை செய்தார். அதை இந்தப் பெண் அனுபவிக்கிறாள். சட்டசபை இதைத் திருத்த வேண்டும்."

இரண்டு வருடத்தில் திருத்தினார்கள். பழைய வழக்குகளுக்கு அது பொருந்தாது, எலெனிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் அன்று அந்தக் கடைசிப் பக்கத்தைத் தட்டச்சு செய்யும்போது மூன்று முறை பிழை விட்டேன். ஒரு எழுத்துப் பிழைக்கே முகம் சுளிக்கும் மனிதர், மூன்று முறையும் தானே எழுந்து போய்ப் புதுத்தாள் எடுத்துத் தந்தார்.